ஒதுங்கல் திணை: முதன்முதலாக ரிட்ரீட் நடத்துவோர் பற்றி ஓர் ஆராய்ச்சி

தொல்காப்பியர் திணை ஏழு என்று எண்ணி முடித்தபோது தென்னிந்தியத் திருச்சபை பிறந்திருக்கவில்லை. அது 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில்தான் பிறந்தது. ஆகவே ஒரு சேகரத்து வாலிபர் ஐக்கியம் மூன்று நாள் ரிட்ரீட் போவதை எந்தத் திணையில் சேர்ப்பது என்று அவர் சொல்லாமல் போனதில் குற்றமில்லை. அவருக்கு உரையெழுதிய இளம்பூரணருக்கும் நச்சினார்க்கினியருக்கும் அதே மன்னிப்பை வழங்கலாம். இன்றைய தமிழ்ப் பேராசிரியர்களுக்கு வழங்க இயலாது. அவர்களில் பலர் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவர்கள். பந்தியில் உட்கார்ந்து மறுசோறு வாங்கியவர்கள். தரவு இலைமேல் ஆவி பறக்கக் கிடந்தும் ஒருவரும் குறிப்பெடுக்கவில்லை.

அக்குறையை நீக்க எழுந்தது இக்கட்டுரை. ரிட்ரீட்டுக்குப் போகிறவர்களைப் பற்றி இது பேசாது. அவர்கள் போவார்கள், பாடுவார்கள், சாப்பிடுவார்கள், திரும்பி வருவார்கள். நமது ஆய்வுப்பொருள், அதை முதன்முதலாக நடத்த ஒப்புக்கொண்டவர். கன்வீனர் எனப்படும் இவர் பெரும்பாலும் முப்பதைத் தொடாத வயதினர். கூட்டத்தில் பின்வரிசையில் இருந்தபடி, "போன தடவ சாப்பாடு சரியில்ல" என்று ஒரே ஒருமுறை வாய் திறந்தவர். "அப்ப தம்பி, இந்தத் தடவ நீயே பாத்துக்கிடேன்" என்று சேகரத்துப் போதகரான ஐயர் சொன்ன கணத்தில் நியமனம் முடிந்துவிடுகிறது. முன்மொழிதல் உண்டு, வழிமொழிதல் உண்டு. மறுத்தலுக்கு மட்டும் விதிகளில் இடமில்லை.

கருதுகோள் பின்வருமாறு. உலகத்தை விட்டுச் சற்றே ஒதுங்கியிருக்கலாம் என்று ஒரு கூட்டம் கிளம்பினால், முதல் வேளைச் சாப்பாட்டுக்குள் அந்த ஒதுங்கல் பந்தியாக மாறிவிடும். அதில் ஒதுங்கக் கிடைக்காத ஒரே ஆள், ஏற்பாடு செய்தவர்.

ஆய்வெல்லை: திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துச் சேகரங்கள். கத்தோலிக்கர் நடத்தும் தியானங்கள் சேர்க்கப்படவில்லை. லொயோலா இஞ்ஞாசியாரின் ஆன்மிகப் பயிற்சி நூல் 1548-இல் அச்சேறியதிலிருந்து அவர்களிடம் பாடப்புத்தகம் இருக்கிறது; பாடப்புத்தகம் உள்ளவர்களை முதன்முறைக்காரர்களோடு ஒப்பிடுவது முறையன்று. உபவாச ஜெபக் கூட்டங்களும் நீக்கப்பட்டன. அங்கே பந்தி இல்லாததால் ஆராய ஒன்றுமில்லை.

முன்னோர் மரபு

இத்துறையின் மூலநூல் மாற்கு 6-ஆம் அதிகாரம். ஊர் ஊராக ஊழியத்துக்குப் போய்த் திரும்பிய பன்னிரண்டு சீடர்களுக்குச் சாப்பிடக்கூட நேரமில்லை. வனாந்தரமான ஓர் இடத்துக்குத் தனியாக வந்து சற்று இளைப்பாறும்படி இயேசு அவர்களை அழைக்கிறார். படகில் போகிறார்கள். செய்தி எப்படியோ கசிந்து, எல்லா ஊர்களிலிருந்தும் ஜனங்கள் கால்நடையாக ஓடி, படகுக்கு முன்னால் அங்கே போய் நிற்கிறார்கள். பொழுது சாய்கிறது. கூட்டத்தை அனுப்பிவிட்டால் பக்கத்துக் கிராமங்களில் ஏதாவது வாங்கிச் சாப்பிடட்டும் என்று சீடர்கள் ஒரு நியாயமான திட்டத்தை முன்வைக்கிறார்கள். நீங்களே கொடுங்கள் என்று பதில் வருகிறது. உடனே ஒரு செலவு மதிப்பீடு தயாராகிறது: 200 வெள்ளிக்காசு. ஒரு கூலியாளின் நாள்கூலி அன்று ஒரு காசு என்பதை மத்தேயு 20-ஆம் அதிகாரம் காட்டுவதால், இதை 200 நாள் கூலி என்று கொள்க. பட்ஜெட் இல்லை என்பதையும் அதே மூச்சில் அவர்கள் உணர்த்துகிறார்கள்.

பிறகு நடந்தது எல்லாருக்கும் தெரியும். பசும்புல் தரையில் நூறு நூறாகவும் ஐம்பது ஐம்பதாகவும் ஆட்களை உட்காரவைத்து, ஐயாயிரம் பேருக்குப் பரிமாறி, மிச்சத்தைப் பன்னிரண்டு கூடைகளில் வாரினார்கள். இறையியலாளர்கள் அப்பத்தையும் மீனையும் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். இளைப்பாறக் கூட்டிப்போன பன்னிரண்டு பேர் என்ன ஆனார்கள் என்பதே இந்த ஆய்வாளரின் கேள்வி. அவர்கள் அன்று இளைப்பாறவில்லை. மாலையில் பந்தி பார்த்தார்கள். இரவில் எதிர்க்காற்றில் தண்டு வலித்தார்கள். பின்னாளில் அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரத்தில், பந்தி விசாரிக்கும் வேலை தங்களுக்குச் சரிப்படாது என்று இதே ஆட்கள் உறுதியாகச் சொல்லி, அதற்கென்று ஏழு பேரை நியமித்ததை நாம் புரிந்துகொள்ள வேண்டும். அனுபவம் பேசியது. உலகின் முதல் சாப்பாட்டுக் கமிட்டி அப்படித்தான் பிறந்தது.

அதன்பின் வந்தவர் வனத்து அந்தோணியார். மூன்றாம் நூற்றாண்டில் எகிப்தின் பாலைவனத்துக்குத் தனிமை தேடிப் போனார். அவர் தனிமையைக் காண ஆட்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். முதன்முறை கன்வீனரின் நிலை நேர் எதிரானது: இவர் ஆள் தேடிக் கூட்டமாகப் போகப் பார்க்கிறார், பதிவுத்தாளில்தான் தனிமை கிடைக்கிறது. இஞ்ஞாசியார் 1522-இல் மன்ரேசா ஊரில் சில நாள் தங்கலாம் என்று நின்றவர், பத்து மாதத்துக்கு மேல் தங்கிவிட்டார். நிகழ்ச்சிநிரல் நீள்வதற்கு இது முக்கியமான முற்சான்று. அவருடைய தோழர் சவேரியார் 1542-இல் மணப்பாட்டுக் கடலோரக் குகையில் தங்கி ஜெபித்ததாக அவ்வூர் மரபு சொல்கிறது. குகைக்கு அட்வான்ஸ் கிடையாது, காலை பத்து மணிக்கு அறையைக் காலி செய்யச் சொல்லும் மேலாளர் கிடையாது. இன்றைய கன்வீனர் மணப்பாட்டுக்குச் சுற்றுலா போகும்போது அந்தக் குகையின் முன் கொஞ்சம் அதிக நேரம் நிற்பது பக்தியால் மட்டுமன்று.

முதற்பொருள்

நிலமும் பொழுதும் முதற்பொருள். பொழுதை முதலில் கொள்வோம், ஏனெனில் தேதி கிடைக்காமல் நின்றுபோன ரிட்ரீட்டுகள், இடம் கிடைக்காமல் நின்றுபோனவற்றைவிட அதிகம்.

தேதி குறிப்பது கழித்தல் கணக்கு. ஜனவரியில் புத்தாண்டு ஆராதனை முடிந்த கையோடு பொங்கல் விடுமுறை. எல்லாரும் சொந்த ஊருக்குப் போய்விடுவார்கள். அடுத்து லெந்து காலம். ஒதுங்கியிருந்து தியானிக்க ஆண்டில் இதைவிடப் பொருத்தமான பருவம் இல்லை. ஆனால் பலர் அப்போது கறி சாப்பிடுவதில்லை, எனவே கோழி போட முடியாது; இக்காரணத்தால் லெந்து ஒருமனதாக நிராகரிக்கப்படும். ஏப்ரலில் பரீட்சை. மே மாதத்தில் விடுமுறை வேதாகமப் பள்ளி, கூடவே லெந்தில் தள்ளிவைத்த அத்தனை கல்யாணங்களும். ஜூனில் பள்ளிக்கூடக் கட்டணம் கட்டிய வீடுகளில் ரிட்ரீட் கட்டணம் கேட்பது சாட்சியைக் கெடுக்கும். செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு, அக்டோபர் நடுவிலிருந்து வடகிழக்குப் பருவமழை, டிசம்பரில் கீத பவனி. கழித்துக்கழித்து மிஞ்சுபவை இரண்டே தேதிகள்: ஆகஸ்ட் 15-ஐ ஒட்டிய வார இறுதி, அக்டோபர் 2-ஐ ஒட்டிய வார இறுதி. தமிழ்நாட்டுத் திருச்சபையின் ஆன்மிக வாழ்வுக்கு இந்திய விடுதலைப் போராட்டம் ஆற்றிய தொண்டு இன்னும் முறையாக ஆராயப்படவில்லை. காந்தியடிகள் வாரந்தோறும் திங்கட்கிழமை மௌனம் காத்தவர். அவர் பிறந்தநாளில் ஒலிபெருக்கி கட்டிய பேருந்தில் ஆக்‌ஷன் பாட்டுப் பாடிக்கொண்டு மலையேறுகிறோம்.

நிலத்துக்கு வருவோம். கொடைக்கானல் குறிஞ்சி. அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தவர்கள் சமவெளியின் வெக்கைக்கும் நோய்க்கும் தப்பி 1845-இல் அங்கே முதல் வீடுகளைக் கட்டினார்கள். பிழைத்துக்கிடக்க ஒதுங்கினார்கள் என்பதால் அதை முழுமையான ரிட்ரீட்டாகக் கொள்வதற்கில்லை. ஆனாலும் தென்தமிழ்நாட்டுக் கிறிஸ்தவர்க்கு "மலைக்குப் போறோம்" என்றால் இன்றும் ஓர் ஆவிக்குரிய சாயல் ஒட்டியிருக்கிறது. குற்றாலமும் மலைதான். ஆனால் சாரல் காலத்தில் அங்கே ரிட்ரீட் வைத்தால் பிரசங்கச் செய்தி கேட்க மேடையில் இருப்பவர் மட்டுமே மிஞ்சுவார். மற்றவர்கள் துண்டோடு அருவிக்குப் போய்விட்டிருப்பார்கள். கன்னியாகுமரி நெய்தல். அங்கே சூரிய உதயம் பார்க்க எழுந்தவர்கள் காலை அமர்வில் தூங்குவார்கள். குறிஞ்சியும் முல்லையும் தம் இயல்பு கெட்டால் பாலையாகும் என்ற சிலப்பதிகாரச் செய்தி, விடுமுறை நாளில் கொடைக்கானல் வெள்ளி நீர்வீழ்ச்சி அருகே வண்டிகள் வரிசையில் நிற்கும்போது தெளிவாக விளங்கும்.

முதன்முறைக்காரர் அறியாத சில நடைமுறைகள் இங்கே உண்டு. 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் வெளியூர் வண்டிகள் போக இ-பாஸ் வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவு. சிறு பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்கு அங்கே தடை என்பதால், மொத்த விலையில் வாங்கி ஏற்றிய பாட்டில் கட்டுகள் அடிவாரத்தோடு நின்றுவிடும். வத்தலக்குண்டு தாண்டி வளைவு தொடங்குமுன் காலைச் சாப்பாட்டில் என்ன போடுவது என்பதும் நிலம் சார்ந்த கேள்வியே. நெய் ஒழுகும் பொங்கல் போட்ட கன்வீனர்களை இவ்வாய்வாளர் அறிவார். அவர்கள் இப்போது இட்லி போடுகிறார்கள். பைக்குள் எலுமிச்சம்பழமும் வைத்திருக்கிறார்கள்.

இடத்தை முன்கூட்டிப் பார்த்துவர நாலு பேர் போவது வழக்கம். உண்மையைச் சொன்னால், கமிட்டிக்குக் கிடைக்கும் ரிட்ரீட் இது ஒன்றுதான்: பனி, தேநீர், மிளகாய் பஜ்ஜி, பொறுப்பற்ற பேச்சு. மண்டபத்தில் நின்று கைதட்டி எதிரொலி பார்ப்பார்கள். மேடைக்குப் பின்னால் ஃபிளெக்ஸ் கட்ட ஆணி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். கழிப்பறைகளை எண்ணுவதில்லை. சமையல் கொட்டகைக்கும் பந்தி நடக்கும் இடத்துக்கும் நடுவே எத்தனை படிக்கட்டு என்று பார்ப்பதில்லை. மின்சாரம் போனால் ஜெனரேட்டர் மண்டபத்துக்கு மட்டுமா, தண்ணீர் மோட்டாருக்கும் சேர்த்தா என்ற கேள்வி இரண்டாம் ரிட்ரீட்டில்தான் பிறக்கும்.

கருப்பொருள்

தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை, தொழில், யாழ் என்று கருப்பொருள் பல. ஒதுங்கல் திணையில் உணவே தலையாயது. தெய்வத்தைப் பற்றிக் கமிட்டியில் கருத்து வேறுபாடு எழுந்ததில்லை.

உணவுக்குத் தலைக்கணக்கு வேண்டும். இங்கேதான் கருதுகோள் தன் முழு வலிமையோடு வெளிப்படுகிறது. வருகை குறித்து நம்மவர் தரும் விடைகளை வினைமுற்றின் அடிப்படையில் வகைப்படுத்தலாம். "வாரேன்" என்பவர் வரக்கூடும். "வரப் பாக்கேன்" என்பவர் வரமாட்டார்; ஆனால் ஏன் தன்னை எண்ணவில்லை என்று பிறகு கேட்பார். "அவுகட்ட கேட்டுச் சொல்லுதேன்" என்பவர் கேட்கமாட்டார். "நாங்க இல்லாமலா?" என்பது வினாவா விடையா என்று இன்னும் முடிவாகவில்லை. எல்லாவற்றினும் ஆபத்தானது "கர்த்தருக்குச் சித்தமானா வாரேன்" என்பது. யாக்கோபு நிருபம் 4-ஆம் அதிகாரம் இப்படித்தான் பேசவேண்டும் என்று போதிப்பதால், இவரிடம் முன்பணம் கேட்கக் கன்வீனருக்கு வாய் வராது. சித்தம் தெரியவருவது பேருந்து கிளம்பும் நாளில். பெரும்பாலும் அன்று குடும்பத்தோடும் ஒரு விருந்தாளியோடும் சித்தமாகியிருக்கும்.

இது புதுச் சிக்கல் அன்று. மூலநூலிலேயே ஐயாயிரம் என்பது ஆண்கள் கணக்கு. பெண்களும் பிள்ளைகளும் அதில் சேரவில்லை என்று மத்தேயு கூடுதலாக ஒரு குறிப்பு எழுதவேண்டி வந்தது. நம் பதிவுத்தாளிலும் ஒரு குடும்பம் ஒரு வரி. அந்த ஒரு வரியில் மூன்று பிள்ளைகள் இருப்பதும், மூன்றும் பன்னிரண்டு வயதுக்கு ஒரு மாதம் குறைவாக இருந்து அரைக் கட்டணத்துக்குத் தகுதி பெறுவதும், பந்தியில் முழு இலை போட்டு உட்காரும்போதுதான் தெரியும்.

திருச்சபை வரலாற்றில் தலைக்கணக்கு பிசகாத ஒரே நிகழ்ச்சியை எரோணிமுஸ் எழுதிவைத்திருக்கிறார். வனத்துச் சின்னப்பர் பாலைவனக் குகையில் தனியே இருந்தபோது ஒரு காகம் நாள்தோறும் அரை ரொட்டி கொண்டுவந்து கொடுத்ததாம். பல ஆண்டுகள் இப்படிக் கழிந்தபின் ஒருநாள் வனத்து அந்தோணியார் அவரைப் பார்க்க வந்தார். முன்னறிவிப்பு இல்லை, பதிவு இல்லை. அன்று காகம் முழு ரொட்டி கொண்டுவந்தது. பந்தி மேலாண்மையில் அந்தப் பறவைக்கு இணையாக ஒருவரும் இதுவரை தோன்றவில்லை. கதை அதோடு முடியவில்லை. அந்த ரொட்டியை யார் பிட்பது என்று இரண்டு முனிவர்களும் ஒருவரையொருவர் உபசரித்துக்கொண்டே சாயங்காலமாக்கிவிட்டார்கள். கடைசியில் ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து இழுப்பதென்று முடிவானது. உறுப்பினர் இருவரே ஆனாலும் கமிட்டி கமிட்டிதான்.

காகம் கிடைக்காத நிலையில் சமையல் மாஸ்டர் கிடைக்கிறார். ஒரு கிலோ அரிசிப் பிரியாணி எட்டிலிருந்து பத்துப் பேருக்கு என்பது அவர் கணக்கு. கன்வீனர் சொல்லும் எண்ணை அவர் நம்புவதில்லை. "எம்பதுன்னு சொல்லுதியளா தம்பி? சரி" என்பார். அந்தச் "சரி"யில் தொண்ணூற்றைந்து பேருக்கான அரிசி ஏறிவிடும். கன்வீனரும் பயத்தில் பத்துப் பேரைக் கூட்டித்தான் சொல்லியிருப்பார். பொருளாளர் கறிக்கடைக்காரரிடம் பேசும்போது தம் பங்குக்கு ஐந்து கிலோ கூட்டுவார். இப்படி மூன்று தனித்தனி அச்சங்கள் ஒரே அண்டாவில் சேர்வதால்தான் மிச்சம் உண்டாகிறது. மூலநூலில் பன்னிரண்டு கூடை மிச்சம். கமிட்டியிலும் பன்னிரண்டு பேர். இந்தப் பொருத்தத்தை விரிவுரையாளர்கள் இஸ்ரவேலின் கோத்திரங்களோடு இணைத்து விளக்குவார்கள். சேகரத்தில் இருந்தவர்களுக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை.

வெளிச்சாப்பாடு கொண்டுவரக் கூடாது என்று சுற்றறிக்கை அனுப்புவது கன்வீனரின் முதல் உணர்ச்சிவேகம். யோவான் 6-ஆம் அதிகாரத்தை அவர் ஒருமுறை வாசிப்பது நல்லது. ஐந்து வாற்கோதுமை அப்பத்தையும் இரண்டு மீனையும் தன்னோடு எடுத்துவந்த ஒரு பையன் அன்று இல்லையென்றால் மொத்த நிகழ்ச்சிக்கும் மூலதனமே இல்லை. அம்மாக்கள் எவர்சில்வர் டப்பாவில் அடைத்து அனுப்பும் முறுக்கையும் புளியோதரையையும் இந்த ஒளியில் அணுகவேண்டும். இரவு பதினோரு மணிக்கு விடுதி அறைகளில் நடக்கும் உண்மையான ஐக்கியத்துக்கு அவைதாம் மூலதனம்.

மற்றக் கருப்பொருள்களைச் சுருக்கமாகப் பார்க்கலாம். விலங்கு: குரங்கு. சோப்பும் தின்னும். பறை: மணி, அதை அடிப்பதற்கென்றே ஒரு சிறுவன் எங்கிருந்தோ தோன்றிவிடுவான். யாழ்: கீபோர்டு, அதன் அடாப்டர் வீட்டிலேயே இருக்கும். தொழில்: செய்தி கொடுத்தல். செய்தியாளரைப் பற்றி நிறைய எழுதலாம். ஆனால் அவர் பெரும்பாலும் நல்லவர். தமக்குத் தந்த ஒரு மணி நேரத்தைத் தவிர வேறெதையும் மீற மாட்டேன் என்கிறார், அவ்வளவே. பிரச்சினை தலைப்பில் இருக்கிறது. "தனித்திருந்து ஜெபி" என்பது போன்ற தலைப்பை எழுபது பேருக்கு டி-சட்டையில் அச்சடிப்பதில் உள்ள முரணைக் கமிட்டியில் இதுவரை ஒருவரும் எழுப்பவில்லை. அளவு சரியாக வருமா, நடுத்தர அளவுச் சட்டை எத்தனை என்ற விவாதத்திலேயே நேரம் போய்விடுகிறது.

குழு பிரித்தல் பற்றி ஒரு சொல். கலாத்தியர் நிருபம் சொல்லும் ஆவியின் கனிகள் ஒன்பது; ஆகவே ஒன்பது குழு, ஒன்பது பெயர். இதனால் விளையும் வாக்கியங்களைக் கன்வீனர் முன்னதாக ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்ள வேண்டும். "நீடிய பொறுமை இன்னும் கீழ எறங்கி வரலியா?" "சமாதானத்துக்கும் சாந்தத்துக்கும் கபடியில சண்டை." "இச்சையடக்கம் எல்லாரும் ரெண்டாந்தடவ கோழி வாங்கியாச்சு."

அட்டவணையில் காலை ஆறு மணிக்கு எதிரே "அமைதி வேளை" என்று அரை மணி நேரம் இருக்கும். ரிட்ரீட் முழுவதற்கும் காரணம் அதுதான் என்று ஒப்புக்கொள்ளாதவர் இல்லை. ஆனால் முதன்முறைக்காரருக்கு வெறுமையாகக் கிடக்கும் அந்தக் கட்டத்தைப் பார்க்கப் பார்க்கக் கை பரபரக்கும். அதில் அறிவிப்பை வைக்கலாமா, குழுப் படத்துக்கு வெளிச்சம் நன்றாக இருக்குமே, சுக்குக் காப்பியை அப்போதே கொடுத்துவிட்டால் ஏழு மணிக்கு நேரம் மிஞ்சுமே என்று தோன்றும். மலை உச்சிவரை ஆட்களைச் சுமந்து வந்த பிறகு அவர்களைச் சும்மா விடுவது ஏற்பாட்டாளரின் மனத்துக்கு ஒவ்வாத காரியம். அந்த அரை மணியைத் தொடாமல் விட்ட கன்வீனரை நான் மதிக்கிறேன். ஆட்கள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு யூகலிப்டஸ் மரங்களுக்குக் கீழே ஆளுக்கொரு கல்லில் உட்கார்ந்திருப்பார்கள். பாதிப் பேர் கைப்பேசியில் வேதாகமம் வாசிப்பதாகச் சொல்வார்கள். சிலர் தூங்குவார்கள். கெத்செமனேயில் மிக நெருங்கிய மூன்று சீடர்களே தூங்கியிருக்க, பிளஸ் டூ மாணவனைக் குறை சொல்வானேன். அந்நேரத்தில் கன்வீனர் எங்கே என்று பார்த்தால், வெந்நீர் வராத அறையில் வாளியோடு நிற்கிறார்.

உரிப்பொருள்

அகத்தின் நடுவணைந்திணை ஒவ்வொன்றுக்கும் ஓர் உணர்ச்சி உரியது. ஒதுங்கல் திணைக்கு ஐந்தும் உரியவை, வரிசையாக வரும்.

இருத்தல் பேருந்து நிறுத்தத்தில் நிகழ்வது. அதிகாலை ஐந்துக்குப் புறப்பாடு என்றால் ஐந்துக்கு வருபவர் கன்வீனரும் ஓட்டுநரும். கோயில் மணியடிக்கும் பெரியவர் நாலேகாலுக்கே வந்து, இருவரையும் தாமதமாக வந்தவர்களாகப் பார்த்துக்கொண்டிருப்பார். ஊடல் அறை ஒதுக்கீட்டில் நிகழ்வது. முழங்கால் வலிக்குத் தரைத்தளம், மேற்கத்தியக் கழிப்பறை யாருக்கு, குறட்டை விடுபவரோடு யார் என்று சிக்கல் பலவகை. "எனக்கு எங்க போட்டாலும் சரி தம்பி, நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்" என்று ஓர் அத்தை சொன்னால் அது மிக உயர்ந்த நிலை ஊடல். உடனே அறையை மாற்றிக் கொடுக்க வேண்டும்.

குறிஞ்சிக்கு உரியது புணர்தல். சேகரப் பெரியவர்கள் இதைப் பற்றி வாயைத் திறக்காமலே மிகுதியாகக் கவலைப்படுகிறார்கள். பெண்கள் தங்குமிடத்துக்கும் ஆண்கள் தங்குமிடத்துக்கும் நடுவே ஐயரையும் ஐயரம்மாவையும் தங்கவைக்கும் வழக்கம் இக்கவலையின் கட்டடக்கலை வடிவம். ஆனால் வாலிபர் ஐக்கியத்தில் சந்தித்துக் கல்யாணம் செய்துகொண்ட தம்பதிகளைக் கூப்பிட்டு அடுத்த ரிட்ரீட்டில் "குடும்ப வாழ்வு" பற்றிப் பேசவைப்பதும் அதே பெரியவர்கள்தாம். இதில் முரண் இருப்பதாக அவர்கள் கருதுவதில்லை. நானும் கருதவில்லை. பெற்றோர் கையெழுத்திட்ட ஒப்புதல் கடிதம், கூடவே பொறுப்பான இரண்டு அக்காமார், யார் எந்த மருந்து சாப்பிடுகிறார் என்ற குறிப்பு ஆகியவை கன்வீனரின் கோப்பில் இருக்கட்டும். மீதியை மலைக்காற்று பார்த்துக்கொள்ளும்.

பிரிதல் கடைசி இரவில். தீமூட்டி வட்டமாக உட்கார்ந்து சாட்சி சொல்வார்கள். காட்டை ஒட்டிய இடங்களில் தீ மூட்ட அனுமதி கேட்டுக்கொள்ள வேண்டும். கேட்காதவர்கள் மெழுகுவர்த்தியைச் சுற்றி உட்கார்வார்கள். இதைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. மூன்று நாளாக ஒரு வார்த்தையும் பேசாமல் பின்வரிசையில் இருந்த ஒருவன் எழுந்து, வேலை போய் நாலு மாதமாக வீட்டில் சொல்லவில்லை என்பான். யாரோ ஒருவர் அவன் தோளில் கைபோடுவார். அட்டவணையில் இதற்குக் கட்டம் கிடையாது. எந்தக் கமிட்டியும் திட்டமிட்டு இதை வரவழைத்ததில்லை. கன்வீனர் இதைப் பார்த்தாரா என்றால், பார்க்கவில்லை. காலை டிபனுக்கு மாவு புளித்துப் போயிற்று என்று கூப்பிட்டதால் சமையல் கொட்டகைக்குப் போயிருந்தார்.

இரங்கல் கணக்கு ஒப்படைக்கும் கூட்டத்தில். பணப்பை யார் கையில் இருந்தது என்பதை யோவான் 12-ஆம் அதிகாரம் தெளிவாகச் சொல்லியிருப்பதால், பொருளாளர் பதவியை நம்மவர் விரும்பி ஏற்பதில்லை. ஏற்றவர் ரசீது இல்லாத ஒவ்வொரு செலவையும் தம் மேல் விழுந்த சந்தேகமாகவே எடுத்துக்கொள்வார். கொத்தமல்லிக் கட்டுக்கு ரசீது தரும் கடை எது என்று இவர் கேட்பதும், அப்படியானால் அதை ஏன் தனித்தலைப்பில் எழுதினீர்கள் என்று தணிக்கை பார்க்கும் ஓய்வுபெற்ற வங்கிக்காரர் கேட்பதும் முக்கால் மணி நேரம் நடக்கும். ஐயர் குடும்பம், செய்தியாளர், ஓட்டுநர், சமையல் மாஸ்டரும் அவர் கையாள் இருவரும் கட்டணம் கட்டாமல் சாப்பிட்டவர்கள் என்பது தலைக்குக் கட்டணம் நிர்ணயித்த நாளில் ஒருவருக்கும் ஞாபகம் வராமல் போனது இங்கேதான் வெளிவரும். அரைக் கட்டணப் பிள்ளைகளின் வயதைப் பற்றி ஒருவரும் பேசமாட்டார்கள்; அவர்களின் அப்பாக்கள் அதே மேசையில் இருக்கிறார்கள்.

நடவடிக்கைக் குறிப்புப் புத்தகத்தில் இதெல்லாம் நாலு வரியில் அடங்கும். ரிட்ரீட் கர்த்தருடைய கிருபையால் ஆசீர்வாதமாக நடந்தேறியது. வரவுசெலவு வாசிக்கப்பட்டது. பற்றாக்குறையைக் கன்வீனர் தமது காணிக்கையாக மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டார். வாடகைப் பாத்திரத்தில் ஒரு சாம்பார் வாளியும் இரண்டு கரண்டியும் குறைவது பற்றி அடுத்த கூட்டத்தில் பேசப்படும்.